கெடா காருக்குப் பேர் மாற்றிக் கொடுத்த சுங்கை சிப்புட் கடை

மலேசியா, பேராவில் சுங்கை சிப்புட், லிந்தாங், ஜாலோங் பக்கம் இருப்பவர்கள் யாராவது வேறு மாநிலத்தில் பழைய கார் பார்த்து வைத்திருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் காரின் கிரானை, அதாவது பதிவுச் சான்றிதழை, படம் எடுத்துக்கொண்டு எங்கள் டவுனில் இருக்கும் இன்சூரன்ஸ் அக்காவிடம் காட்டுங்கள். பார்த்துச் சொல்வதற்கு அவர் காசு வாங்குவதில்லை. வேலையை எடுத்துக்கொண்டால்தான் காசு. என்னைக் கேட்டால், அந்தக் கடைக்கு நான் கொடுத்த பணத்தில் பாதி அந்தப் பத்து நிமிடப் பார்வைக்கே சரியாகப் போய்விட்டது.

கடையின் பேரை இங்கே போடப்போவதில்லை. விளம்பரம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், ஆள் ஏற்கனவே அதிகம். இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், பேர் மாற்றம், போட்டோஸ்டேட் என்று பலகையில் இருக்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, மேலே சுற்றுகிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கும் ஒரு ஃபேன். ஊரில் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள்.

எனக்கு எதற்குக் கார் என்றால், நான் விடிகாலையில் இடியாப்பமும் புட்டும் செய்து இரண்டு தாமானுக்கும் (குடியிருப்பு) ஒரு தோட்டத்து லயத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இத்தனை நாளும் வீட்டுக்காரரின் மோட்டாரில் கூடை கட்டித்தான் ஓட்டம். மழை வந்தால் தேங்காய்ப்பூ நனைந்துவிடும். பின்கதவு மேலே திறக்கிற, தட்டுகளை அப்படியே உள்ளே தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன கார் வேண்டும், ஆனால் புதுக் கார் தவணை கட்டுகிற வியாபாரம் இல்லை இது. கெடா, பாடாங் செராயில் ஒரு பெரியவர் தன் 1995 புரோட்டான் சாகா இஸ்வரா ஏரோபேக்கைக் கொடுக்கிறார் என்று உறவுக்காரர் மூலமாகத் தெரிந்தது. 1.3 என்ஜின், வெள்ளை நிறம், ஒரே உரிமையாளர், 3,200 வெள்ளி (ரிங்கிட்). தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், துரு இல்லை. கியர் மாற்றும்போது கொஞ்சம் முனகியது, அதெல்லாம் அந்த வயதுக்கு இருக்கும்.

கார் பிடித்துவிட்டது. பேர் மாற்றுவதற்கு அந்தப் பக்கத்து ரன்னர் (ஆபீஸ் வேலைகளைக் காசுக்கு முடித்துத் தரும் ஆள்) ஒருவரைப் பெரியவரின் மகன் ஏற்பாடு செய்தார். ரன்னர் நல்லாத்தான் பேசினார். மொத்தம் 650 வெள்ளி, எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார், நான் ஐ.சி. (அடையாள அட்டை) நகல் கொடுத்து ஜே.பி.ஜே. என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாவின் கே3ஏ பாரத்தில் வெறுமனே கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். எதற்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "எல்லாம் சேர்த்துத்தான்மா" என்று ஒரே பதில். காலிப் பாரத்தில் கையெழுத்து என்றதும் எனக்குக் கை வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். பிறகு அக்கா சொல்லித்தான் தெரிந்தது, விற்பவரும் வாங்குபவரும் ஜே.பி.ஜே. கவுண்டரில் கட்டைவிரல் வைக்காமல் பேர் மாற்றம் நடக்காது, அப்படியிருக்க வெறும் கையெழுத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்யப்போகிறார் என்று. எனக்கும் அது இன்றுவரை புரியவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். அக்காவுக்கு அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கிரானை மூக்குக்கு நேரே பிடித்துத்தான் படிப்பார். கெடா வண்டி என்று நான் சொன்னவுடன் வந்த முதல் கேள்வி, "கே.வி.யா, வெறும் கே-யா?"

கே.வி. என்று தொடங்கும் நம்பர் லங்காவியில் பதிந்த வண்டிக்கு. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. அங்கே வரி கட்டாமல் பதிந்த காரைப் பெருநிலத்துக்கு நிரந்தரமாகக் கொண்டுவர வேண்டுமானால் சுங்கத்துறை, வரி என்று வேறு ஒரு பெரிய கதை தொடங்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டு அதில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டாம். என்னுடையது சாதாரண கே. அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

மாநிலம் மாறுவதைப் பற்றித்தான் நான் அதிகம் பயந்து வைத்திருந்தேன். நாமக்கல்லில் இருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவன் போனில் பேசும்போது, பெங்களூரில் வாங்கிய காரைத் தமிழ்நாட்டுக்கு மாற்றுவதற்குப் பழைய ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று, இங்கே மறுபடி சாலை வரி, புது நம்பர் என்று பட்ட பாட்டைச் சொல்லியிருந்தான். நம் நாட்டில் அதெல்லாம் இல்லை. ஜே.பி.ஜே. மத்திய அரசாங்கத்தின் இலாகா. தீபகற்பத்துக்குள் கெடாவில் பதிந்த கார் பேராவில் ஓடினாலும் நம்பர் அதே நம்பர்தான், கார் கழிவுக்குப் போகும் வரை அந்தக் கே எழுத்து கூடவே வரும். ரோட் டேக்ஸும் ஒரே கணக்கு. பேர் மாற்றத்தைப் பாடாங் செராய்க்காரர் ஈப்போவுக்கு வந்து செய்தாலும் செல்லும். சபா, சரவாக் என்றால் ரோட் டேக்ஸ் கணக்கு வேறு.

"மாநிலம் ஒன்னும் பிரச்சனை இல்ல, தங்கச்சி. வண்டிக்கு முப்பது வயசு. அதுதான் பிரச்சனை" என்றார். சொல்லிக்கொண்டே கிரானின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்தார்.

அங்கே உரிமைக் கோரிக்கை என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பேர் இருந்தது. பெரியவர் கார் வாங்கியபோது கடன் கொடுத்த கம்பெனி. எனக்கு அது கண்ணில் பட்டிருந்தது. பெரியவர் கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டதாகச் சொல்லி, தவணைப் புத்தகத்தையும் காட்டினார், கடைசிப் பக்கம் வரை முத்திரை விழுந்திருந்தது. அதைத்தான் அக்காவிடம் சொன்னேன்.

"கடன் முடிஞ்சதுன்னு நீங்க சொல்றீங்க. கிரான் சொல்லலியே."

விஷயம் இதுதான். கடன் கட்டி முடித்தவுடன் அந்தக் கம்பெனி தன் கோரிக்கையை ரத்துச் செய்துவிட்டதாக ஜே.பி.ஜே.-க்குத் தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கடிதம் கொடுப்பார்கள், வண்டிக்காரர் அதைக் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். பலர் கடிதத்தை அலமாரியில் வைத்ததோடு சரி. அந்தப் பேர் ஜே.பி.ஜே. கம்ப்யூட்டரில் இருக்கும் வரை காரை வேறு யாருக்கும் மாற்ற முடியாது. அதைவிடப் பெரிய சங்கடம், அந்த நிதி நிறுவனமே இப்போது இல்லை. 1997-98 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டில் இருந்த சின்னச் சின்ன வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் மத்திய வங்கியான பேங்க் நெகாரா பத்துக் குழுக்களாகச் சேர்த்தது நினைவிருக்கலாம். இது போய் எந்த வங்கியில் சேர்ந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்குத் தெரிந்திருந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் வைத்திருக்கிறார், கையால் எழுதியது. இடதுபக்கம் செத்துப்போன கம்பெனிகளின் பேர், வலதுபக்கம் இப்போதைய வங்கி. எத்தனையோ கிரான்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல். அந்த ஒரு தாளுக்காகவே நான் இந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கூடக் கொடுப்பேன்.

பெரியவர் பேரில் மலாயில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். பழைய கம்பெனியின் பேர், கார் நம்பர், பழைய ஐ.சி. எண், புது ஐ.சி. எண், தவணைப் புத்தகத்தில் இருந்த கணக்கு எண், எல்லாம் ஒரே பக்கத்தில். பழைய ஐ.சி. எண்ணைப் போட மறந்துவிடாதீர்கள் என்று பெரியவரிடம் போனில் தனியாகச் சொன்னார். அந்தக் காலத்துக் கடன் கணக்கெல்லாம் பழைய எண்ணில்தான் கிடக்குமாம்.

வங்கிக் கிளையில் முதலில் இருந்த குமாஸ்தா இப்படி ஒரு கணக்கே இல்லை என்று பெரியவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். எந்த வங்கி என்று சொல்ல வேண்டாம், எல்லாக் கவுண்டரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அக்கா அசரவில்லை. கிளையில் கேட்டால் கம்ப்யூட்டரில் இருப்பதை மட்டும்தான் பார்ப்பார்கள், வாடகைக் கொள்முதல் பிரிவின் பழைய கோப்பில் தேடச் சொல்லி எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், கடிதம் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள் என்றார். முத்திரை விழுந்த கடிதத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கொஞ்ச நாள் எடுத்தது, ஆனால் வங்கியே கோரிக்கையை ரத்துச் செய்து ஜே.பி.ஜே.-க்கு அனுப்பிவிட்டது.

இந்த இடத்தில் மாநிலம் மாறியதால் வந்த ஒரே தொல்லையைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்திருக்கும். பேராவில் சனி, ஞாயிறு. ஆக, அந்தப் பக்கத்து ஆளும் இந்தப் பக்கத்து ஆளும் ஒரே நாளில் வேலை பார்ப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். நான் வியாபாரத்தை முடித்துவிட்டு ஆசுவாசமாக உட்காருவதே வெள்ளிக்கிழமை மத்தியானம், அப்போது அங்கே போனை எடுக்க ஆள் இல்லை. கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வண்டி வாங்குகிறவர்கள் நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி வேலை நடந்துகொண்டிருந்தபோதே பெரியவரின் பேரில் சம்மன் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் அக்கா. போலீஸ் சம்மன் ஒரு பக்கம், ஜே.பி.ஜே. சம்மன் ஒரு பக்கம். கறுப்புப் பட்டியலில் இருந்தால் பேர் மாற்றம் நிற்கும். பெரியவரிடம் ஒன்றுமில்லை, அவர் காரைக் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் தவிர வேறெங்கும் எடுக்காதவர்.

அடுத்தது புஸ்பாகோம் என்கிற வண்டிச் சோதனை நிலையத்தில் சோதனை. பேர் மாற்றத்துக்குச் செய்வது பி5 என்ற சோதனை. நான் போனபோது கட்டணம் 30 வெள்ளியும் சேவை வரியும். முன்பதிவு இணையத்தில்தான், அதை அக்காவே செய்துவிட்டார். காரைப் பெரியவரின் மகன் ஓட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டார், அவர்கள் இன்சூரன்ஸும் ரோட் டேக்ஸும் அப்போது உயிரோடு இருந்தன. ஆனால் சோதனைக்குப் போவதற்கு முன் போமன் (மெக்கானிக்) அண்ணனிடம் காட்டச் சொல்லி அக்கா கட்டாயப்படுத்தினார். பணத்துக்காகத் தள்ளிவிடுகிறார் என்று நினைத்தேன், இல்லை. அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை அப்படியே போமனிடம் நீட்டினேன்: சேசிஸ் எண், என்ஜின் எண், புகை, கைபிரேக், முன்கண்ணாடி டின்டட்.

பானெட்டைத் திறந்தார் அண்ணன். பின்சுவரில் சேசிஸ் எண் அடித்திருக்கும் இடத்தில் வழவழவென்று வெள்ளைப் பெயின்ட் மட்டும்தான் தெரிந்தது. எப்போதோ காருக்கு மறுபடி பெயின்ட் அடித்தவர் அதையும் சேர்த்து மெழுகிவிட்டார். உற்றுப் பார்த்தால் பள்ளம் மாதிரி ஒன்றிரண்டு கோடு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒரு எழுத்தின் நிழல். அண்ணன் மணல்தாளை எடுக்கப் போனார், நான் அக்காவின் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் கொட்டை எழுத்தில், "சுரண்டக் கூடாது, தின்னர் மட்டும்." சுரண்டினால் எண்ணின் மேல் கீறல் விழும், கீறல் விழுந்த எண்ணைப் பார்த்தால் சோதிப்பவருக்குச் சந்தேகம் வரும், வெட்டி ஒட்டிய வண்டியோ என்று.

பழைய பனியன் துணியில் தின்னரை நனைத்து அந்த இடத்தில் ஒத்தி வைத்தார். கொஞ்ச நேரம் விட்டு, பல் தேய்க்கிற பிரஷால் மெதுவாகத் தேய்த்தார். மறுபடி ஒத்தல், மறுபடி தேய்த்தல். பெயின்ட் பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. முதலில் ஒரு பி, அப்புறம் எல், அதற்குப் பக்கத்தில் 1. புரோட்டான் சேசிஸ் எண் எல்லாம் அப்படித்தான் தொடங்கும் என்றார் அண்ணன். நான் கிரானை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படிக்க, அவர் பார்த்துத் தலையாட்ட, கடைசி இலக்கம் வரைக்கும் பொருந்தியது. கடைசி மூன்று இலக்கம் தெரிவதற்குத்தான் நேரம் பிடித்தது. என்ஜின் எண் இருக்கும் இடத்தில் எண்ணெயும் மண்ணும் கெட்டியாகப் படிந்திருந்தது, துடைத்தவுடன் அதுவும் சரியாக இருந்தது. பழைய சாகாக்களில் பாதிக்கு என்ஜின் மாற்றியிருப்பார்கள், மாற்றியதை ஜே.பி.ஜே.-யில் பதியாமல் விட்டிருந்தால் அங்கேயே கதை முடிந்தது என்றார். பெரியவர் முப்பது வருடமாக ஒரே என்ஜினை வைத்துக்கொண்டிருந்ததற்கு அவருக்கு ஒரு வணக்கம்.

கார்புரேட்டர் வண்டி என்பதால் புகைக்குக் கலவைத் திருகைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். கைபிரேக் கேபிளை இறுக்கினார். டின்டட் விஷயத்தில்தான் பெரியவரின் மகன் வேலை காட்டியிருந்தார், முன்பக்கக் கதவுக் கண்ணாடி இரண்டும் மைக்கறுப்பு. 2019 மே முதல் பின்பக்கக் கண்ணாடிகளை எவ்வளவு கறுப்பாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முன்கண்ணாடியில் 70 விழுக்காடு வெளிச்சமும் முன்கதவுக் கண்ணாடியில் 50 விழுக்காடும் உள்ளே வர வேண்டும். என் பெரிய மகள் தன் ஹேர் டிரையரால் சூடு காட்டிச் சாயங்காலத்துக்குள் உரித்துவிட்டாள். பசை போவதற்குத்தான் மண்ணெண்ணெய் தேவைப்பட்டது.

ஈப்போவில் சோதனை சீக்கிரமாகவே முடிந்துவிட்டது. பிரேக் உருளை, அடிப்பக்கம், விளக்கு, புகை, அப்புறம் எண்கள். சேசிஸ் எண்ணைப் பார்த்தவர் டார்ச்சை அடித்துவிட்டுத் தன் தாளில் ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான். தேர்ச்சி. ஒரு மத்தியானம் முழுக்கத் தின்னர் வாசனையில் நின்றது அந்த ஒரு கோட்டுக்கு.

இன்சூரன்ஸ் விஷயத்தில் அக்காவுக்கும் எனக்கும் சின்ன உரசல். எனக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதும், 3,200 வெள்ளி காருக்கு முழுக் காப்புறுதி எதற்கு? அக்கா முதலில் கண்ணாடிக்குத் தனிக் காப்பு, சாலை உதவி என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார், ஆனால் அந்த இரண்டு நிமிடம் அவர் ஏஜண்டாகத்தான் பேசினார், அக்காவாக இல்லை. இந்த அளவு என்ஜினுக்கு மூன்றாம் தரப்பு ஆண்டுப் பிரீமியம் 120 வெள்ளியை ஒட்டித்தான் வரும், அதோடு சேவை வரியும் 10 வெள்ளி முத்திரைக் கட்டணமும். பெரியவருக்கு 55 விழுக்காடு என்.சி.டி. (இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருந்தது. அதை எனக்குக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். முடியாது, என்.சி.டி. ஆளோடு போவது, வண்டியோடு வராது. எனக்கு முன்பு கார் இல்லாததால் பூஜ்யத்தில் தொடக்கம். புதுக் காப்புறுதி என் பேரில் ஏறிய பிறகுதான் ஜே.பி.ஜே. கவுண்டருக்குப் போக முடியும்.

அக்கா செவ்வாயும் வியாழனும் ஈப்போவுக்குப் போவார், அன்று வேலை இருக்கிறவர்களை அங்கேயே வரச் சொல்லிவிடுவார். பெரியவரின் மகள் ஈப்போ புந்தோங்கில் இருக்கிறாள், அவளைப் பார்க்க வந்த சாக்கில் பெரியவரும் ஜே.பி.ஜே.-க்கு வந்துவிட்டார். அயர்ன் பண்ணிய சட்டை, சட்டைப்பையில் ஐ.சி., கையில் கார் சாவி இரண்டும்.

விற்பவர் கட்டைவிரல் முதலில். கருவியில் வைத்தார், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், மறுபடியும் சிவப்பு. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பொறுமையாகத்தான் இருந்தாள். பெரியவர் விரலைப் பார்த்துக்கொண்டார். சின்ன வயதில் இருந்து பால்மரம் வெட்டியவர், பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியதும் மட்டை இழுத்தவர். விரல் நுனி தேய்ந்து பளபளவென்று இருந்தது, ரேகை என்று ஒன்றிரண்டு கோடுதான்.

அக்கா கைப்பையில் இருந்து ஒரு சின்ன பேபி லோஷன் பாட்டிலை எடுத்தார். "இடது கையைக் குடுங்க ஐயா" என்று வாங்கி, கட்டைவிரலில் ஒரு சொட்டு வைத்து நன்றாகத் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றி எடுத்தார். மைகார்டில் (ஐ.சி.-யில்) இரண்டு கட்டைவிரலும் பதிந்திருக்கும், வலது கை வெட்டுக் கத்தி பிடித்த கை, இடது கை கொஞ்சம் தேவலை. ஈரம் இருந்தால் ரேகை எழும்பும், ஆனால் வழுக்கக் கூடாது. பெரியவர் வைத்தார். "அழுத்தாதீங்க ஐயா, சும்மா வைங்க." பச்சை.

"எங்க காலத்து ஆளுங்களுக்கு இந்தப் பாட்டில் இல்லாம இங்க வரவே முடியாது" என்றார் அக்கா, மூடியைத் திருகிக்கொண்டே. அந்தக் கவுண்டர் பெண்ணுக்கும் அந்தப் பாட்டில் பழக்கம் போல, சிரித்துக்கொண்டே என் ஐ.சி.-யை வாங்கினாள். என் விரல் முதல் தடவையே பிடித்தது, மாவு பிசைகிற கை ஆயிற்றே. பேர் மாற்றக் கட்டணம் 100 வெள்ளி. ரோட் டேக்ஸ் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு புதுப்பித்தபோது 1.3 என்ஜினுக்கு வருடத்துக்கு 70 வெள்ளி வந்தது.

பெரியவர் சாவியை என்னிடம் கொடுத்தார். காசை நான் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன், அக்கா சொன்னபடி முன்பணம் போக மீதியை. கட்டைவிரல் பச்சை ஆகும் வரை முழுப்பணம் கை மாறக் கூடாது என்பது அவர் சட்டம். விற்பவருக்கும் அதே நியாயம்தான் சொல்வார், பேர் மாறாமல் வண்டியை ஒப்படைத்தால் நாளைக்கு வருகிற சம்மன் எல்லாம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும் என்று.

மை ஜே.பி.ஜே. செயலியில் அன்றைக்கே கார் என் பேரில் தெரிந்தது. 2023 பிப்ரவரியிலிருந்து தனியாருடைய வண்டிக்கு ரோட் டேக்ஸ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, போனில் காட்டினால் போதும். வீட்டுக்காரர் மட்டும் கண்ணாடியில் வட்டமாக ஒன்று ஒட்டாமல் ஓட்டினால் கார் மாதிரியே இல்லை என்கிறார்.

அக்கா கூலி 80 வெள்ளி. கடிதம் அடித்தது, முன்பதிவு, ஈப்போ வந்தது எல்லாம் அதில் அடக்கம். ஒரு நோட்டுத் தாளில் வரி வரியாக எழுதி, இது அரசாங்கத்துக்கு, இது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, இது எனக்கு என்று மூன்று பக்கமாகப் பிரித்துக் காட்டினார். போமன் அண்ணனுக்கு 90 கொடுத்தேன், அது தனி. எல்லாம் கூட்டினாலும் அந்த ரன்னர் கேட்ட 650-க்குக் கிட்டே வரவில்லை.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. வாட்ஸப்பில் எழுத்தில் கேட்டால் பதில் வராது, குரல் பதிவு போட்டால்தான் கேட்பார், அதற்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு நிமிடப் பதிவாகப் பதில் வரும், முக்கியமானது நடுவில் எங்கேயோ இருக்கும். மத்தியானம் சாப்பிடப் போனால் பலகை மாட்டுவதில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார், நாம் வெயிலில் நிற்க வேண்டியதுதான். போட்டோஸ்டேட் ஒரு பக்கத்துக்கு 30 சென் கொஞ்சம் அதிகம். பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஆள் வந்தால் நம்மைப் பாதியில் விட்டுவிட்டு அவரைப் பார்ப்பார். இதெல்லாம் பெரிய குற்றம் இல்லை, ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒருநாள் என் முறைக்கு முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இறந்துபோன கணவர் பேரில் இருந்த கன்சில் காரை மகன் பேருக்கு மாற்ற வேண்டும், கணவரின் ஐ.சி., கிரான் எல்லாம் கொண்டுவந்திருந்தார். எவ்வளவு ஆனாலும் கொடுத்துவிடுகிறேன் என்று நோட்டை நீட்டினார். அக்கா தொடவில்லை. உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் சொத்து நிர்வாக ஆணை வாங்க வேண்டும், அதற்கு அமானா ராயா (சொத்து நிர்வாக நிறுவனம்) மாதிரியான இடத்துக்குப் போக வேண்டும், அது என் வேலை இல்லை, உங்களிடம் பணம் வாங்கினால் அது சும்மா வாங்கியதாகிவிடும் என்றார். என்னென்ன பத்திரம் எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஆணை கிடைத்தபின் வாருங்கள் என்று அனுப்பினார். அந்தத் தாளுக்கும் காசு கேட்கவில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரையை மத்தியானம் கதவைச் சாத்துவதற்காகப் பிடித்துக்கொண்டேன். கடை ஒன்பதரைக்குத் திறக்கும், ஞாயிறு இல்லை, செவ்வாயும் வியாழனும் போனால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். வண்டியைச் சந்தைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து போங்கள், கடை முன்னால் நிறுத்தினால் டவுன் கவுன்சில் டிக்கெட் வரும். தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் போகாதீர்கள், ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் ரோட் டேக்ஸ் போட அங்கேதான் நிற்பார்கள்.